நாலாம் அறையின் இரண்டு மணிக் கட்டம்

வெளிநாட்டு ராணுவ முகாம்களில் ஒப்பந்த வேலைக்குப் போகிற தம்பிகள், விமானம் ஏறுவதற்கு முன் சங்கரன்கோவிலில் என் வீட்டுக்கு வந்து இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். குண்டு விழுமா? சோறு கிடைக்குமா? முதல் கேள்விக்கு என் பதினோரு வருட அனுபவத்தில் பதில்: சைரன் அடிக்கும், பெரும்பாலும் ஒத்திகை. இரண்டாவதற்கு: கிடைக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற குழம்பு அல்ல. மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. எந்த மாதிரித் தவறுக்கு அங்கே ஆளைத் திருப்பி அனுப்புவார்கள்? கேட்காவிட்டாலும் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில் குளிரறைகளுக்கு நான் மேற்பார்வையாளன். கூடத்தின் பின்புறம் ஏழு குளிர்பதனக் கன்டெய்னர்கள் வரிசையாக நிற்கும். இறைச்சி, முட்டை, பால், பழம் எல்லாம் அவற்றுக்குள். வெளியே பாலைவன வெயில். உள்ளே போக கம்பளிச் சட்டை, கையுறை. ஒரு நாளில் முப்பது தடவை கோடையிலிருந்து மார்கழிக்கும் மார்கழியிலிருந்து கோடைக்கும் போய் வருவோம்.

அந்த ஊரில் வியப்பதற்குக் குறைவே இல்லை. மணல் தவிர எதுவும் விளையாத இடத்தில் எட்டு வகை ஐஸ்கிரீம் இருக்கும். மாலையில் கொடி இறக்கும்போது ஊதுகுழல் ஒலித்தால் ஓடுகிற வண்டிகள் நிற்கும், நடக்கிறவர்கள் கொடி இருக்கும் பக்கம் திரும்பி நிற்பார்கள். கோழிப் பெட்டி ஏற்றிய தள்ளுவண்டியோடு நாங்களும் நிற்போம். சிப்பாய்கள் தின்னும் கோழி நல்லதா கெட்டதா என்று பார்க்க வருபவர், படையின் கால்நடை மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர். மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்க்கிற பிரிவுதான் மனிதர் உண்ணும் இறைச்சிக்கும் பொறுப்பு. முதலில் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் சரிதான்; இறைச்சியை அவர்களைவிட அறிந்தவர் யார்?

ஒவ்வொரு அறைக் கதவிலும் ஓர் அட்டையில் கிளிப் போட்டுத் தாள் தொங்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை உள்ளே இருக்கும் வெப்பமானியைப் பார்த்து, அளவை எழுதி, பார்த்தவர் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். அவர்கள் கணக்கு ஃபாரன்ஹீட். நாற்பதுக்குக் கீழே இருந்தால் சரி. மேலே போனால் உடனே சொல்ல வேண்டும்.

இங்கேதான் என் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாடு போகும்முன் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் ஒன்பது வருடம் வரத்துக் குறிப்பு எழுதினேன். காலையில் மூட்டை இறங்கும்போது கைக்குக் கிடைத்த துண்டுத் தாளில் குறிப்போம். எலுமிச்சைச் சாறும் வியர்வையும் பட்டு அது பிசுபிசுத்துக் கிடக்கும். சாயங்காலம் உட்கார்ந்து, பெரிய நோட்டில் கோடு போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவிட்டுத் துண்டுத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவோம். பள்ளியில் ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு என்று பழகிய கைக்கு அது இயல்பாக வந்தது. நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் முதலாளி விரலால் தட்டுவார். அந்தத் தட்டலுக்குப் பயந்து காலிக் கட்டமே இல்லாமல் எழுதப் பழகினேன்.

முகாமிலும் அதையே செய்தேன். கதவுத் தாளில் கோழி ரத்தம் தெறித்திருக்கும், தயிர் ஒட்டியிருக்கும், கையுறையோடு எழுதிய எண்கள் கோணலாக இருக்கும். அதைக் கோப்பில் வைக்க எனக்குக் கூசியது. ஒவ்வொரு மாலையும் புதுத் தாளில் நீல மையால் நகல் எடுத்தேன். பார்த்தவரின் முதலெழுத்தையும் அவரவர் போடுகிற மாதிரியே போட்டேன். பழைய தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். நான்கு வருடம் இப்படி நடந்தது. சோதனைக்கு வந்தவர்கள் கோப்பைப் புரட்டி, மிக அழகு என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் பணியில் இருந்தவன் மாடசாமி. பனவடலிசத்திரத்துக்காரன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். தங்குமிடத்தில் என் அறையிலேயே எதிர்க்கட்டிலில் படுப்பவன். இரண்டு மணிக்கு அளவு பார்க்க நாலாம் அறைக் கதவைத் திறந்திருக்கிறான். மோட்டார் சத்தம் இல்லை. எப்போது நின்றதென்று தெரியவில்லை. அளவு பார்த்து எழுதிக்கொண்டிருக்க அவனுக்குத் தோன்றவில்லை. கோழிப் பெட்டிகளை ஒற்றை ஆளாகத் தள்ளுவண்டியில் ஏற்றி ஐந்தாம் அறைக்கு மாற்றினான். மற்றவர்கள் மதியப் பரிமாறலில் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு ஜெனரேட்டர் ஆட்கள் மின்சாரத்தை வேறு லைனுக்கு மாற்றியதும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது.

மாலையில் என்னிடம் நடந்ததைச் சொன்னான்.

"ரெண்டு மணிக் கட்டம் காலியா கெடக்கே. எவ்வளவுலே இருந்துச்சு?"

"அந்நேரம் பெட்டிதான தூக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. யாரு பாத்தா?"

"கோழி?"

"தொட்டுப் பாத்துதான் தூக்கினேன். சில்லுன்னுதான் இருந்துச்சு."

நான் நகல் எடுக்க உட்கார்ந்தேன். வரிசையாக முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. நடுவில் ஒரு கட்டம் வெறுமையாக. பொருள் கெடவில்லை, ஆள் சரியாக வேலை செய்திருக்கிறான், இந்த ஒரு கட்டத்துக்காக நாளை யாராவது விரலால் தட்ட வேண்டுமா? முப்பத்தெட்டு என்று எழுதினேன். பக்கத்தில் 'மா' போட்டேன். பிறகு என் அறைக்குப் போய் நாட்குறிப்பில், மோட்டார் நின்றது, மாடசாமி பெட்டிகளை மாற்றினான், இரண்டு மணி அளவு பார்க்கப்படவில்லை, நான் 38 என்று போட்டேன் என்று உள்ளபடி எழுதினேன். அலுவலகத் தாளில் வெற்றிடம் கூடாது, என் நாட்குறிப்பில் பொய் கூடாது. இரண்டும் ஒரே ஒழுங்கு என்றுதான் அன்று நினைத்தேன்.

புதன்கிழமை காலை சிப்பாய்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்குப் போகத் தொடங்கினார்கள். செவ்வாய் இரவு கூடத்தில் கோழி. பத்து மணிக்குள் கால்நடைப் பிரிவிலிருந்து ஒரு சார்ஜென்ட் வந்துவிட்டார். இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். என் மகள் வயது. சத்தம் போடவில்லை, அவசரப்படவில்லை. கோப்பை வாங்கினார். நான் எதிர்பார்த்தபடி எண்களைப் படிக்கவில்லை. தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேல் விளிம்பை விரலால் தடவினார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"இந்தத் தாள் எந்தக் கதவில் தொங்கியது?" என்று கேட்டார்.

"நாலாம் அறை."

"கிளிப் பட்ட தழும்பு இல்லை. கோழி வாசம் இல்லை. உங்கள் குளிரறைக்குள் நான் மூன்று நிமிடம் நின்றேன், என் சட்டையிலேயே வாசம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதும் தொங்கிய தாளில் எப்படி இல்லாமல் போகும்?"

எனக்குப் பயம் வருவதற்கு முன் வியப்புதான் வந்தது. தாளைப் படிக்காமலே படிக்க முடியும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

அவர் ஒரு திருப்புளியோடு நாலாம் அறையின் முகப்புக்குப் போனார். மோட்டாருக்கு மேலே ஒரு சிறு மூடி இருந்தது. நான்கு வருடமாக நான் பார்த்திருந்தும் திறந்து பார்த்ததில்லை. உள்ளே வட்டமான காகிதம் ஒன்று ஏழு நாளைக்கு ஒரு சுற்றாகச் சுழன்றுகொண்டிருந்தது. ஓர் ஊசி அதன்மேல் வெப்பத்தைத் தானே கோடாக வரைந்துகொண்டிருந்தது. செவ்வாய் பகல் ஒரு மணியிலிருந்து கோடு மேலே ஏறி, மூன்று மணிக்கு மேல் மெல்ல இறங்கியிருந்தது. உச்சியில் ஐம்பத்திரண்டு. என் தாளில் அதே நேரத்துக்கு முப்பத்தெட்டு.

எங்கள் கம்பெனி மேனேஜருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மாடசாமியைக் கூப்பிட்டு, தாளை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது உன் கையெழுத்துதானே? பார்க்காமலே எழுதியிருக்கிறாய்!"

மாடசாமி தாளைப் பார்த்தான். நீல மையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இரண்டு வினாடி இருக்கும். "தெரியல சார்" என்றான்.

அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார்கள். ஒன்றரை மணி பேருந்தில் விமான நிலையம். முகாமில் அட்டை போனால் அந்த வேலை மட்டும் போவதில்லை. பொய்யாக அளவு எழுதியவன் என்று பட்டியலில் பெயர் ஏறும். வேறு எந்த முகாமிலும் வாசல் தாண்ட முடியாது. அப்போது மணி பதினொன்று இருபது. அந்த அறையில் நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் அறைக்குப் போனேன். மாடசாமி போர்வையை மடித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்லே அங்கன வாயத் தொறக்கல?"

"நீங்க தொறப்பியன்னு பாத்தேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவன் செருப்பைத் தாளில் சுற்றினான்.

"ஊர்ல கேப்பாவ. என்னன்னு சொல்ல அண்ணாச்சி? குளுருக்குள்ள நின்னு பெட்டி தூக்குனேன்னா சொல்ல, படுத்துத் தூங்கிட்டுக் கள்ள ரீடிங் போட்டேன்னா சொல்ல? ரெண்டுல எது எனக்குப் பொருத்தமா இருக்கும்? எழுதுறவிய நீங்கதான. நீங்களே சொல்லுங்க."

எழுத்துப் பிழை, நகல் எடுக்கும்போது பக்கத்துக் கட்டத்தின் எண் தவறி விழுந்துவிட்டது என்று மேனேஜரிடம் சமாளிக்கலாமா என்று யோசித்தேன். நான்தான் எழுதினேன் என்று வெறும் வாயால் சொன்னால் நம்புவாரா என்றும் யோசித்தேன். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றுவார்கள் என்று அவர் அடிக்கடி சொல்வார். அன்று நடந்ததை அன்றே எழுதியது ஒன்றுதான் இருந்தது. என் நாட்குறிப்பு. அதைக் காட்டுவதில் ஒரு சங்கடம். முகாமுக்குள் சொந்தக் குறிப்பு எழுதி வைப்பது தடை. சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நான் தலையணை உறைக்குள் வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். காட்டினால் பொய் அளவு எழுதியவன் நான் என்பதும் வெளிவரும், தடையை மீறியவன் நான் என்பதும் வெளிவரும். அட்டை இரண்டு முறை போகக்கூடிய குற்றம்.

பதினொன்று ஐம்பதுக்கு நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். சார்ஜென்ட் அங்கேயே இருந்தார். மாடசாமி எழுதவில்லை, நான் எழுதினேன் என்றேன். நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை ஆங்கிலத்தில் சொன்னேன். மேனேஜர் எழுந்தே விட்டார். சார்ஜென்ட் கையைக் காட்டி அவரை உட்காரவைத்து, "நீங்கள் மொழிபெயர்த்தது போதாது" என்று என்னிடம் சொன்னார். "இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த, இந்த விஷயம் தெரியாத ஆள் வேண்டும்."

சலவைப் பிரிவிலிருந்து சாகுல் பாயை அழைத்துவந்தார்கள். கடையநல்லூர்க்காரர். சிப்பாய்களின் சட்டைகளில் பெயர்ப் பட்டி தைப்பவர். எதற்கு அழைத்தார்கள் என்று தெரியாமல் கழுத்தில் அளவு டேப்போடு வந்து நின்றார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். வரிக்கு வரி நான் சொன்னதையே சொன்னார். சார்ஜென்ட் அதோடு விடவில்லை. இது சற்று முன் உட்கார்ந்து எழுதியதாக இருக்கலாமே என்று, தானே மூன்று வாரம் முந்திய ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தார். சாகுல் பாய் படித்துவிட்டு விழித்தார்.

"அண்ணாச்சி, இதையும் சொல்லணுமா?"

"உள்ளதச் சொல்லும் பாய்."

"யா அல்லா, என்னைய எதுல மாட்டி விடுதிய!" என்று முணுமுணுத்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "மணல் புயல். மதியச் சாப்பாடு ஐம்பது நிமிடம் தாமதம். மேனேஜர் மூன்று முறை கத்தினார். இரண்டு முறைக்குக் காரணம் இல்லை."

மேனேஜர் சுவரைப் பார்த்தார். சார்ஜென்ட் தன் குறிப்பில் அந்தத் தேதியைத் தேடிப் பார்த்து, மணல் புயல் சரி, ஐம்பது நிமிடம் சரி என்றார். பிறகு முகம் மாறாமல் என்னிடம் கேட்டார்: "மூன்றாவது முறைக்குக் காரணம் என்ன?"

"பால் பெட்டி கீழே விழுந்தது" என்றேன்.

மாடசாமியின் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஐந்தாம் அறையின் வட்டக் காகிதத்தில், இரண்டு மணிக்கு மேல் கதவு திறந்து திறந்து மூடியதற்கான சின்னச் சின்ன மேடுகள் தெரிந்தன. அவன் பெட்டி தூக்கியதை ஊசி பார்த்திருந்தது. சிப்பாய்களின் வயிற்றுக்கோளாறு கோழி சாப்பிடாதவர்களுக்கும் வந்திருந்தது என்றும், ஒரு கூடாரத்திலிருந்து மறு கூடாரத்துக்குத் தொற்றியது என்றும் சனிக்கிழமை தெரிந்தது. எனக்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை. மூன்று மாதம் மேற்பார்வைப் பொறுப்பு இல்லை. நோட்டைப் பாதுகாப்புப் பிரிவு எடுத்துக்கொண்டது. திரும்பி வரவில்லை. திருப்பி அனுப்பாததற்குக் காரணம் சார்ஜென்ட் தன் அறிக்கையில் எழுதிய ஏதோ ஒரு வரி என்று பின்னர் கேள்விப்பட்டேன். என்ன வரி என்று தெரியாது. தெரிந்துகொள்ள இன்றும் ஆசை.

போகும்போது அவர் என்னிடம் சொன்னதைத்தான் நீங்கள் கொண்டுபோக வேண்டும். "அழுக்குத் தாளை நான் நம்புவேன். காலிக் கட்டம் எனக்கு உதவி. எங்கே பார்க்க வேண்டும் என்று அது காட்டும். நான் பார்க்க வேண்டிய ஒரே இடத்தை நீங்கள் மூடிவிட்டீர்கள்." மண்டியில் முதலாளி விரலால் தட்டியதும் அதற்காகத்தானோ என்று அப்போதுதான் யோசித்தேன். நிரப்பச் சொல்லித் தட்டினார் என்று நானாக எடுத்துக்கொண்டேன். என்ன நடந்தது என்று கேட்கத்தான் தட்டினாரோ என்னவோ.

அட்டை திரும்பக் கிடைத்த அன்று மாலை மாடசாமி என்னோடு சிரித்துப் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கட்டிலில் திரும்பாமலே சொன்னான்:

"சுத்தமா ஒரு காப்பி எடுக்கியன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். என்னுதக் கிழிச்சு எறியுவியன்னு தெரியாது."

"அழுக்கா இருந்துச்சுலே."

எழுந்து உட்கார்ந்தான். "நாலு வருசம். நான் எழுதுனதக் கிழிச்சிட்டு, நீரே எழுதி, நீரே என் கையெழுத்தையும் போட்டிருக்கீரு. அப்ப அந்தக் குளுருக்குள்ள நான் எதுக்கு வே போய் நின்னேன்?"

மரியாதை ஒரு படி இறங்கி, நீங்க என்பது நீரு ஆனதை நான் கவனித்தேன். அவனைக் காப்பாற்றியதாக அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கேட்டது வேறு கணக்கு. அவன் விறைத்த விரலால் எழுதியவை ஆயிரக்கணக்கில் இருந்திருக்கும். கோப்பில் ஒன்றுகூட இல்லை.

அந்த மூன்று மாதமும் கோப்பு மாடசாமி கையில். நான் அவனுக்குக் கீழே அளவு பார்த்து எழுதினேன். தாளை நீட்டினால் வாங்குவான். "சரி சார்" என்பான். அந்த 'சார்' எனக்குக் குளிரறையைவிடச் சில்லென்று இருந்தது. ஒரு நாள் காலை எனக்கு வயிறு சரியில்லை. பத்து மணி அளவைத் தவறவிட்டேன். பத்து இருபத்தைந்துக்கு வந்து பார்த்தபோது முப்பத்தேழு இருந்தது. பத்து மணிக் கட்டம் வெறுமையாக என்னைப் பார்த்தது. முப்பத்தேழு என்று எழுதினால் அது அநேகமாக உண்மையாகவே இருக்கும். கை எழுதப் போய்விட்டது. நிறுத்தி, கட்டத்தின் குறுக்கே கோடு இழுத்து, ஓரத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினேன்: பத்து மணிக்குப் பார்க்கவில்லை, கழிவறைக்குப் போயிருந்தேன், 10.25க்கு 37.

மாலையில் மாடசாமி தாளை வாங்கிப் படித்தான். திரும்ப ஒரு முறை படித்தான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் அவனுடைய கோணல் 'மா'வைப் போட்டான்.

"கக்கூஸ் போனதயுமா எழுதுவிய, அண்ணாச்சி?" என்றான்.

அறுபத்தொரு நாளாகியிருந்தது, அந்த 'அண்ணாச்சி'யைக் கேட்டு.